இருவருக்கான கலியாணமும் ஒரு கமராவும்

மண்டபம் இல்லை, மேளம் இல்லை, ஐந்நூறு பேர் பந்தி இல்லை. மணமக்கள் இருவர், சாட்சிகள் இருவர், பதிவாளரோ ஐயரோ ஒருவர், படம் எடுப்பவர் ஒருவர். இவ்வளவு பேரோடு கடற்கரையில் நடக்கும் சிறு கலியாணத்தைப் படமாக்குவது இன்று ஒளிப்படத் தொழிலில் தனியொரு பிரிவாக வளர்ந்துவிட்டது. தென்னிலங்கையில் பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ கரைகளிலும் கிழக்கில் நிலாவெளி, பாசிக்குடா கரைகளிலும் வெளிநாட்டுச் சோடிகளுக்காக ஹொட்டேல்களே இதை ஒழுங்கு செய்து கொடுக்கின்றன. வடக்கே வன்னியில் அப்படியான ஹொட்டேல் வரிசை கிடையாது. கடல் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. கிளிநொச்சி மாவட்டத்தின் உட்பகுதியில், அக்கராயன் குளத்தை அண்டி, வயலும் காடுமாகக் கிடக்கும் ஸ்கந்தபுரத்திலிருந்து மேற்கே போனால் நாச்சிக்குடாக் கரை. பரந்தனுக்கு ஏறி ஏ 35 வீதியால் கிழக்கே போனால் முல்லைத்தீவுக் கரை. ஒன்றில் சூரியன் கடலுக்குள் இறங்கும், மற்றதில் கடலுக்குள்ளிருந்து எழும்பும்.

கூட்டமில்லாக் கலியாணத்தின் பழைய வடிவம் ஓடிப்போய் முடிப்பது. வீட்டாருக்குத் தெரியாமல் புறப்பட்டுப் போய் மணம் முடிப்பது எந்தச் சமூகத்துக்கும் புதிதல்ல. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டு ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம், இருபத்தொரு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. ஸ்கொட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. எனவே எல்லை தாண்டியவுடன் வரும் கிரெட்னா கிறீன் என்ற சிற்றூர் ஓடிவந்த சோடிகளின் ஊராகியது. இன்றைக்கும் அங்கே கலியாணம் முடிக்க ஆட்கள் போகிறார்கள். ஓட வேண்டிய தேவை இல்லாதவர்களும் போகிறார்கள். மேற்கு நாடுகளில் இந்த வகைக் கலியாணம் இப்போது தப்பியோடுவதைக் குறிப்பதில்லை. கூட்டமில்லாமல், தங்களுக்குப் பிடித்த இடத்தில், தங்களுக்காகவே செய்துகொள்ளும் கலியாணம் அது.

தமிழ் அகப்பாடல்களில், காதலர் வீட்டைவிட்டுச் சேர்ந்து போகும் உடன்போக்கு பாலைத் திணைக்குரியது. காதலர் கடந்துபோவது வறண்ட சுரம், கடற்கரை அல்ல. கடற்கரையான நெய்தல் நிலம் இரங்கலுக்கு உரியது, அங்கே தலைவி காத்திருந்து கலங்குவாள். ஆகவே கடற்கரையில் மணமக்கள் கைகோத்து நிற்கும் படம் தமிழருக்குப் பழைய மரபிலிருந்து வந்ததல்ல. சினிமாவும் அல்பமும் கொண்டுவந்த புதுப் பழக்கம். கலியாணப் படம் என்பதே அவ்வளவு பழையதல்ல. விக்டோரியா மகாராணி 1840இல் மணம் முடித்தபோது படம் எடுக்கும் கலை பரவலாக நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ரோஜர் ஃபென்டன் 1854இல் மகாராணியையும் கணவரையும் எடுத்த படங்களைத்தான் பலர் கலியாணப் படங்கள் என்று இன்றுவரை தவறாகக் காட்டுகிறார்கள். அந்த நாளின் படம் இல்லாதபோது பிறகு எடுத்த படமாவது வேண்டும் என்று மனம் கேட்கும். வன்னிக்கு இந்த ஏக்கம் நன்றாகத் தெரியும்.

வன்னியில் பெரிய கூட்டமில்லாக் கலியாணங்கள் நிறைய நடந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பல விரும்பிச் சுருக்கியவை அல்ல. சாதி, சீதனம், சமயம் என்று வீட்டில் மறுத்தபோது பெடியன் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போய் எழுத்து முடித்த கதை எல்லா ஊரிலும் உண்டு. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற அவசர அவசரமாகத் தாலி கட்டுவித்த குடும்பங்கள் ஏராளம். இடம்பெயர்ந்த கொட்டிலுக்குள், மாற்றுச் சேலை கூட இல்லாமல், ஒரு படமும் எடுக்காமல் அந்தக் கலியாணங்கள் முடிந்தன. அதற்கு முன்பும், 1996இல் கிளிநொச்சி நகரம் வெறுமையாகி மக்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கம் ஒதுங்கியிருந்த காலத்தில், எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டிருந்தன. பிலிம் கிடைத்தாலும் கழுவுவதற்கு ஆள் தேட வேண்டும். எடுத்து வைத்திருந்த அல்பங்களையும் 2009 வரையான தொடர் ஓட்டங்களில் பங்கருக்குள்ளும் வழியிலும் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். ஒரு கலியாணப் படமும் கையில் இல்லாத தாய் தகப்பனின் பிள்ளைகள்தான் இப்போது கலியாண வயதில் நிற்கிறார்கள். இங்கே ஒரு சோடி தங்களுக்கென்று சில நல்ல படங்கள் வேண்டும் என்று கேட்பதை ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

சிறு கலியாணத்தை இன்று விரும்பித் தெரிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ குறுகிய லீவில் வருபவருக்குப் பெரிய கலியாணம் வைக்க நாள் போதாது. 2020, 2021 கொரோனாக் காலக் கட்டுப்பாடுகள் ஆட்களைக் குறைத்தும் கலியாணம் நடக்கும் என்று காட்டிவிட்டன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மண்டபக் கூலியும் தங்கத்தின் விலையும் பலருக்கு எட்டாமல் போயின. கடன்பட்டு ஊருக்குச் சோறு போடுவதைவிட அந்தக் காசில் ஒரு அறை கட்டலாம் என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. அது நல்ல கணக்குத்தான்.

கடற்கரையில் படம் எடுப்பதற்கு முன் சட்டம் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் படம் எடுப்பவரிடம்தான் சோடிகள் இதையெல்லாம் கேட்பார்கள். இலங்கையில் வடபகுதித் தமிழரின் திருமணப் பதிவு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. கண்டியச் சட்டத்தின் கீழ் மணம் முடிப்பவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டங்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் குறைந்த வயது 18. பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்துக் காத்திருந்து முடிப்பது வழமையான முறை. காத்திருக்க முடியாவிட்டால், அல்லது பதிவாளர் காரியாலயத்துக்கு வெளியே முடிக்க விரும்பினால், அதற்குரிய விசேட அனுமதியும் கட்டணமும் வேண்டும். சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும். இந்து முறைப்படி தாலி கட்டிய கலியாணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் பதிவுதான் திருமணத்துக்குச் சிறந்த சான்று என்பது சட்டத்தின் நிலை. எவ்வளவு அழகான அல்பமும் பதிவுக்கு ஈடாகாது. யுத்தகாலக் கலியாணங்களைப் பிறகு நிரூபிக்கத் திரிந்த பெண்களைக் கேட்டால் இதன் பாரம் விளங்கும்.

தமிழ்நாட்டில் நிலை சற்று வேறு. அங்கே 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்து, சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுபடியானது. புரோகிதர் தேவையில்லை; உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். இதற்கு ஊரறிய விழா நடத்த வேண்டியதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. இரண்டு பேருக்கான கலியாணத்துக்கு அங்கே சட்டமே வழிவிட்டிருக்கிறது.

ஊரில் பழக்கமான ஆட்கள் உதவ வராத கலியாணத்தில் படம் எடுக்க வந்தவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வதும் உண்டு. போடலாம். ஆனால் அது படத்துக்கு நிற்பது போன்ற காரியமல்ல. பிறகு ஒரு வழக்கு வந்தால் அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். இருவரின் வயதையும் அடையாள அட்டையையும் கண்ணால் பார்க்காமல், இருவரும் மனம் ஒத்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று நிச்சயம் இல்லாமல், பேனையைத் தொடக் கூடாது. ஒருவர் முகத்தில் பயம் தெரிந்தால் கமராவையும் கீழே வைத்துவிட வேண்டும்.

இனி இடமும் வெளிச்சமும். முல்லைத்தீவுக் கரை கிழக்கே வங்கக் கடலைப் பார்த்திருக்கிறது. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை 5.45க்கும் 6.30க்கும் இடையில் எழும்பும். நாச்சிக்குடாப் பக்கம் மேற்கே ஆழம் குறைந்த கடல்; அங்கே சூரியன் மாலை 5.45க்கும் 6.40க்கும் இடையில் மறையும். வன்னி பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகை வடக்கே மட்டும் இருப்பதால் சூரியன் சாய்வாக நகராமல் நேரே மேலேறும், நேரே இறங்கும். ஐரோப்பாவில் நெடுநேரம் நீளும் பொன்வெயில் இங்கே ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். உதயத்துக்கு முன்னுள்ள நீல வெளிச்சம் இருபது நிமிடம் சொச்சம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்: சேலையைச் சரிசெய்து, தலைப்பூவை மாற்றி, ரீ குடித்து முடிக்கும்போது வெயில் வெளுத்துவிடும். காலைப் படத்துக்கு மணமக்கள் உடுத்தி முடித்து, உதயத்துக்கு அரை மணி முன்பே மணலில் நிற்க வேண்டும். ஸ்கந்தபுரத்திலிருந்து முல்லைத்தீவுக்கு இருட்டோடு புறப்பட வேண்டும் என்பதுதான் இதன் கருத்து. மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் போவதானால் வீதியில் யானை நிற்கக்கூடும். நேரத்தைத் தாராளமாக விட்டுப் புறப்படுவது நல்லது. அந்தப் பயணமும் விடியப்புற எழுப்புதலும் வேண்டாம் என்பவர்களுக்கு நாச்சிக்குடா மாலை மிகவும் பொருந்தும். இருட்டின பிறகு கரையில் நிற்காமல் வீடு திரும்பவும் வசதி.

காற்றும் மாதமும் வெளிச்சத்தைப் போலவே முக்கியம். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றும் மழையும். முல்லைத்தீவுக் கடல் அப்போது கொந்தளிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் மணலை வாரி வீசும். மேற்குக் கரையில் அது நேரே முகத்தில் அடிக்கும், கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் இரண்டு கரையும் ஓரளவு அடங்கியிருக்கும். சோளகக் காலத்தில்தான் முடிக்க வேண்டுமென்றால் காலையே நல்லது, வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். கூறைச்சேலையின் முந்தானை காற்றில் எழும்புவது படத்துக்கு அழகுதான். அது முகத்தை மூடாமல் இருக்க மணமகளை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்று முதலில் ஒரு பிடி மணலைத் தூவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்கிடுகிறது. வெண்மணலும் பளிச்சிடும் நீரும் சட்டகத்தை நிறைத்தால் அது ஒளியைக் குறைத்துவிடும். முகங்கள் கறுத்துப் போகும். ஆகவே முகத்தில் அளக்க வேண்டும், அல்லது தானியங்கிக் கணக்குக்கு மேலாக ஒரு படி வரை ஒளியைக் கூட்ட வேண்டும். இதில் பழைய அநீதி ஒன்றும் கலந்திருக்கிறது. கொடாக் நிறுவனம் நிறப்படங்களைக் கழுவும் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தார்கள். அவற்றைப் பார்த்துத்தான் நிறம் சரிபார்க்கப்பட்டது. கறுத்த, மாநிறத் தோல்கள் அந்தக் கணக்குக்குள் இல்லை. அந்த அட்டைகள் போய்விட்டன. ஆனால் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஸ்டூடியோக்களில் இன்னும் போகவில்லை. வெயிலில் வயல் செய்து வளர்ந்த ஒரு பெண்ணின் நிறத்தைக் கணினியில் சுரண்டி எடுத்துவிட்டு அதை அழகு என்று கொடுப்பது அவளுக்குச் செய்யும் அவமரியாதை. தாழ்ந்த காலைச் சூரியன் மாநிறத் தோலில் விழும்போது வரும் செம்பு மினுக்கம் எந்தப் பூச்சாலும் வராது.

கூறையின் சிவப்பு இன்னொரு சிக்கல். கடும் சிவப்பில் டிஜிட்டல் கமராவின் சிவப்பு அலைவரிசை மட்டும் முதலில் நிரம்பி வழியும். சரிகையும் மடிப்பும் தெரியாமல் சேலை ஒரே சிவப்புப் பட்டையாகிவிடும். திரையில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் வசதியைப் போட்டுப் பார்த்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாமல் ஒளியைக் குறைத்து, முகத்துக்கு மட்டும் வெளிச்சம் திருப்பிவிட வேண்டும். அதற்குப் பெரிய உபகரணம் வேண்டாம். வெள்ளை ரெஜிபோம் பலகை ஒன்றை யாராவது பிடித்தாலே போதும். ஆளில்லாவிட்டால் மணமக்களை வெண்மணல் பக்கம் முகம் திரும்ப நிறுத்தினால் மணலே ஒளியைத் தூக்கி முகத்தில் போடும்.

உப்புக் காற்று கமராவின் எதிரி. கரையில் நின்று வில்லை மாற்றக் கூடாது. அகலப் பார்வைக்கு 35 மில்லிமீற்றரும் முகத்துக்கு 85 மில்லிமீற்றருமாக இரண்டு கமராவில் இரண்டு வில்லையைப் பூட்டிக்கொண்டு போவது வசதி. ஒரு கமராதான் என்றால் ஒரே வில்லையோடு முடிப்பது நல்லது. குளிரூட்டிய வானிலிருந்து இறங்கியதும் வில்லை வியர்க்கும். முன்கூட்டியே வானின் கண்ணாடியை இறக்கிவிட்டால் அது குறையும். இரண்டு கார்ட்டிலும் ஒரே நேரத்தில் பதியும் கமரா இருந்தால் அதைத்தான் கொண்டுபோக வேண்டும். மண்டபக் கலியாணத்தில் நாலு பேர் போனிலும் படம் இருக்கும். இங்கே ஒரு கார்ட் பழுதானால் அந்த நாளே போய்விடும்.

தாலி கட்டும் கணத்தை நெருங்கிப் பார்ப்போம். உதயத்துக்குப் பிறகு சூரியன் தாழ்ந்து நிற்கும் நேரத்தில் அதற்கு முதுகு காட்டி நிற்கும் படக்காரரின் நிழல் மணலில் பல அடி நீளத்துக்கு விழும். அது நேரே மணமகளின் மடியில் கிடக்கும். ஆகவே பக்கவாட்டில், மணமகளின் தோளுக்குச் சமமான உயரத்தில் முழங்காலில் இருந்துகொள்ள வேண்டும். மூன்று நாலு மீற்றர் தள்ளி 85 மில்லிமீற்றர் வில்லையோடு இருந்தால் இருவருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் நிற்கும் கூச்சம் வராது. காற்றில் கூந்தலும் கொடியும் அசைவதால் நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு வேகம் வேண்டும். முதல் முடிச்சில் மணமகனின் விரல்கள் தடுமாறும். மணமகள் குனிந்து கூந்தலை ஒதுக்கிக் கொடுப்பாள். இரண்டாம் முடிச்சில் அவன் முகம் இறுகும். மூன்றாம் முடிச்சு முடிந்ததும் அவள் கண் உயரும். மேளமும் அட்சதை மழையும் இல்லாததால் இந்த மாற்றங்கள் எல்லாம் வெளியே தெரியும். கெட்டிமேளத்துக்குள் மறைந்துபோகும் ஒரு மூச்சு இங்கே படத்தில் விழும். அந்தக் கணம் தப்பிவிட்டால் தப்பியதுதான். “இன்னொருக்கால் கட்டுங்கோ தம்பி” என்று சொல்லும் படக்காரர் தன் தொழிலை விளங்கிக்கொள்ளாதவர்.

கையெழுத்தும் அதே அளவு கவனத்துக்குரியது. பிளாஸ்ரிக் மேசையில் பதிவுப் புத்தகம் விரித்திருக்கும். காற்று தாளைப் புரட்டும். பதிவாளர் ஒரு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகை விரலால் இடத்தைக் காட்டுவார். ஓரத்தில் யாரோ பொறுக்கி வைத்த சங்கு, தாள் பறக்காமல். மருதோன்றி வைத்த விரல்கள் பேனையைப் பிடித்துப் பழைய பெயரில் கடைசித் தடவையாகவோ, அதே பெயரில் துணிவாகவோ எழுதும். முகத்தைவிட அந்தக் கையை எடுத்த படம் பல ஆண்டுகளுக்குப் பிறகு கூடுதலாகப் பேசும். அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் வாசிக்கும்படி படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றப் படங்களுக்கு நெருக்கத்தை வலிந்து உண்டாக்கத் தேவையில்லை. வன்னிக் கரையில் முத்தமிடச் சொல்வது பலருக்குச் சங்கடம். ஊர்ப் பார்வை ஒரு பக்கம், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டிப் பொது இடத்தில் நிற்கும் சோடிகளை வெருட்டும் வழக்கம் இன்னொரு பக்கம். “கதைச்சுக்கொண்டு நடவுங்கோ, என்னைப் பாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் போதும். கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிப்பார்கள், சேலைக் கரையைத் தூக்குவார்கள், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சிரிப்பார். அலைக்குள் இறக்குவதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முல்லைத்தீவுக் கரை ஆழமாக இறங்குவது, அலையின் இழுவையும் பலமானது. நனைந்த பட்டுச்சேலையோடு தடுமாறியவரைத் தூக்குவது இலகுவல்ல. முழங்காலுக்கு மேல் நீர் என்பது படத்துக்கும் தேவையில்லை.

கரை வெறும் பின்புலத் திரை அல்ல. அது ஆட்கள் தொழில் செய்யும் இடம். காலையில் கரைவலை இழுப்பார்கள். வாடிகளில் கருவாடு காயும். வள்ளங்கள் வந்து ஏறும். வலைக் கயிற்றைத் தாண்டி மிதித்துப் போவதும், கேட்காமல் வள்ளத்தில் ஏறி நிற்பதும் கூடாது. “அண்ணை, இதில நிண்டு ஒரு படம் எடுக்கலாமே?” என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் அவர்களே வள்ளத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் எரியும் விளக்குக்கு முல்லைத்தீவுக் கடலிலிருந்துதான் உப்புநீர் எடுத்துப் போகிறார்கள். அந்த நாட்களில் கரைக்கு வருபவர்கள் விரதத்தோடு வருபவர்கள். படப்பிடிப்பை வேறு நாளுக்கு மாற்றுவதுதான் முறை.

முள்ளிவாய்க்காலில் கலியாணப் படம் எடுக்க வேண்டாம். அங்கே 2009 மே மாதத்தில் முடிந்த உயிர்களுக்கு இன்னும் கணக்கில்லை, காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மார் இன்னும் அந்த மணலுக்கு வந்து விளக்கேற்றுகிறார்கள். நந்திக்கடலின் மாலை எவ்வளவு அழகாயிருந்தாலும் அந்த ஓரத்தில் மாலையும் கழுத்துமாகச் சிரித்து நிற்பது பொருந்தாது. முல்லைத்தீவு நகரக் கரைக்கும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் நினைவு இருக்கிறது. என்றாலும் அங்கே சனம் திரும்பி வந்து வாழ்கிறது, மாலையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஆகவே அங்கே எடுக்கலாம். மிதிவெடிப் பலகை நிற்கும் இடத்துக்குள், அகற்றி முடித்த பாதைக்கு வெளியே, எந்தப் படத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது. கடற்படை, இராணுவ முகாம்கள் பின்புலத்தில் விழாமல் கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சுண்டிக்குளம் ஒரு தேசியப் பூங்கா. அதற்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் உண்டு. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட வேண்டும். இந்தக் கரைகளில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் படக்காரரோடு சேர்ந்து மணமக்களும் பொலிசில் நிற்க நேரிடும். கலியாண நாளில் அதைவிட மோசமான பரிசு இல்லை.

வீட்டை எதிர்த்து வந்த சோடி என்றால் படம் ஆபத்தாகவும் மாறலாம். தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13ஆம் திகதி, சாதி மறுத்து மணம் முடித்த சங்கர் பட்டப்பகலில் நடுவீதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா காயத்தோடு தப்பினார். ஈழத்தில் சாதி இவ்வளவு வெளிப்படையாக வாளெடுப்பதில்லை என்று சொல்லி ஆறுதல் அடைய முடியாது. அடித்து இழுத்துப்போவதும் அறைக்குள் பூட்டுவதும் எங்களுக்குத் தெரியாத கதைகள் அல்ல. ஒரு படக்காரர் விளம்பரத்துக்காக அன்று மாலையே முகநூலில் போட்ட ஒரு படம், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தேடி வருபவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும். கைத்தொலைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள் இடத்தின் அகலக் கோடும் நெடுங்கோடும் பதிந்திருக்கும். அனுப்ப முன் அதை நீக்க வேண்டும். எந்தப் படத்தை, எப்போது, எங்கே போடலாம் என்பதை இருவரும் எழுத்தில் தந்த பிறகே வெளியிட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தொழில் விளம்பரத்துக்கு வேறு படங்கள் கிடைக்கும்.

கூலியையும் எழுத்தில் பேசிக்கொள்வதே இரு பக்கத்துக்கும் நல்லது: எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், எந்தத் திகதிக்குள் கையளிப்பது, மழை வந்தால் எந்த நாள். ஆட்கள் குறைந்த கலியாணம் என்பதால் வேலை குறைவு என்று எண்ணுவது தவறு. மண்டபத்தில் ஆயிரம் படம் எடுத்து இருநூறைத் தெரிந்தெடுக்கலாம். இங்கே ஒவ்வொன்றையும் பார்த்து எடுக்க வேண்டும், எடுத்த அறுபது எழுபதிலும் பெரும்பாலானவை நிற்க வேண்டும்.

கடைசி வேலை அச்சு. இன்று பெரும்பாலான சோடிகளுக்குப் படங்கள் ஒரு பென் ட்ரைவிலோ இணைப்பிலோ போய்ச் சேருகின்றன. போன் தொலையும், இணைப்புக் காலாவதியாகும், பென் ட்ரைவ் ஒருநாள் திறக்காது. நல்ல தாளில் அச்சடித்து, வெயிலும் ஈரமும் படாமல் வைத்த படம் தலைமுறை தாண்டி நிற்கும். இழந்த அல்பங்களில் தப்பிய ஒன்றிரண்டு படங்கள் எங்கே இருந்தன என்று வன்னிக் குடும்பங்களைக் கேட்டால், ஒரே மாதிரியான பதில் வரும்: முன்பே வெளிநாட்டுக்குக் கடிதத்தோடு அனுப்பிய பிரதி, அல்லது வேறு ஊர் மாமி வீட்டுச் சுவரில் தொங்கிய பிரதி. ஒரு வீட்டில் மட்டும் இருந்தது அந்த வீட்டோடு போனது.

கடற்கரையில் சிறிதாகக் கலியாணம் முடிக்க நினைப்பவர்கள் படக்காரருக்கு முற்பணம் கொடுக்கும்போதே மூன்று அச்சுப் பிரதிகளுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், ஒன்றைக் கோபம் ஆறிய நாளில் பெற்றோரிடம் கொடுங்கள், ஒன்றைத் தூரத்தில் இருக்கும், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பதிவுச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியையும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள்.